கயிற்றில் சொல்லாத செபமாலை

மாம்புரி
12.10.2023

அன்புத் தங்கச்சி எமிக்கு,

இயேசுவுக்குப் புகழ். உறையின் மேல் உன் மடத்துப் பெயரை, சகோதரி மரிய கிளாரா என்று, ஒழுங்காக எழுதிவிட்டேன். உள்ளே எழுதக் கை வரவில்லை. எனக்கு நீ எமரென்சியா, அதிலும் எமி. இங்கே நானும் ஸ்டெலாவும் பிள்ளைகளும் சுகம். அந்த மலைக்குளிரில் உன் இழுப்பு எப்படி இருக்கிறது? கம்பளிச் சட்டை போடத் தருகிறார்களா, அல்லது அதையும் தபசு என்று பறித்துவிட்டார்களா?

காற்று மாறிவிட்டது. கடல் படுத்துக் கிடக்கிறது. வருகிற கிழமை கடலட்டைக்கு இறங்குகிறோம். கரைப்பக்கம் அட்டை ஒன்றும் மிச்சமில்லை. முந்தி பத்துப் பாக ஆழத்தில் பொறுக்கினோம். இப்போது பதினைந்து, பதினெட்டுப் பாகம் போகவேண்டும். இந்த ஊரில் அவ்வளவு ஆழம் போகிறவன் உன் அண்ணன் ஒருவன்தான் என்று சனம் கதைக்கிறது. நான் மறுக்கவில்லை.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. நம் மூத்தவர் பீற்றர் அண்ணன் கயிற்றில் நின்று செபமாலை சொல்லுவாரே, ஞாபகமா? ஏறி வரும்போது நங்கூரக் கயிற்றில் சிவப்புச் சீலை கட்டின இடத்தில், மூன்று பாகத்தில், வாயில் குழாயோடு நின்று ஐம்பத்துமூன்று மணியும் மனதுக்குள் சொல்லி முடித்த பிறகுதான் மேலே வருவார். என்னையும் அப்படித்தான் பழக்கினார். எனக்கு முப்பதாவது மணியில் அட்டை ஞாபகம் வந்துவிடுகிறது. நீ அங்கே சும்மாதானே இருக்கிறாய்? தினமும் காலை பதினொரு மணிக்கு எனக்காக அதைச் சொல்லிவிடு. கன்னியாஸ்திரி சொன்னால் மாதா மறுக்கமாட்டா.

மதருக்கு என் வணக்கம்.

உன் அண்ணன்
கில்பட்

*

மடம்
29.10.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

கர்த்தரின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். நான் சுகம். இழுப்பு மழை நாளில் மட்டும் வருகிறது. கம்பளிச் சட்டை தந்திருக்கிறார்கள், இரண்டு. கவலைப்படாதீர்கள்.

சும்மா இருக்கிறேன் என்று எழுதியதற்கு வந்து எங்கள் கரட் பாத்தியைப் பாருங்கள். பதினொரு மணிக்கு நான் அங்கேதான் நிற்பேன். மதரிடம் கேட்டேன், களை பிடுங்கியபடி சொல்லலாம் என்றார். இன்று தொடங்கிவிட்டேன். நான் இங்கே முதல் மணியைத் தொடும்போது நீங்கள் அங்கே கயிற்றைப் பிடித்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆறு வருஷமாக இந்தச் சுவருக்குள் இருக்கிறேன், இப்போதுதான் கடலுக்கு ஒரு வழி கிடைத்த மாதிரி இருக்கிறது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது.

ஸ்டெலா மச்சாளையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

செபத்தில் உங்களோடு,
எமி

*

மாம்புரி
20.11.2023

என் அருமைத் தங்கச்சிக்கு,

தோத்திரம். எல்லாரும் சுகம், உன் புண்ணியத்தில்.

எமி, உன் செபமாலை வேலை செய்கிறது! மூன்று கிழமையாக நான் கயிற்றில் நிற்பதே இல்லை. நீ அங்கே சொல்கிறாய்தானே, பிறகு நான் இங்கே எதற்கு மரமாட்டம் தொங்கவேண்டும்? நிற்கிற நேரத்துக் காற்று சிலிண்டரில் மிஞ்சுகிறது. அந்தக் காற்றில் அடியில் இன்னும் ஒரு பை நிறைகிறது. ஒரு நாளைக்கு நாலு சிலிண்டர் கட்டுகிறேன். தலையிடி இல்லை, ஒன்றும் இல்லை. நேரே மேலே வந்து வெற்றிலை போடுகிறேன்.

ஹயாத்து நானாவின் போட்டில் போவதை விட்டுவிட்டேன். மனுஷன் நல்லவர்தான், ஆனால் வாய் ஓயாது. "தம்பி, ரெண்டு சிலிண்டருக்கு மேல இறங்கினா என்ட போட்ல ஏறாத. உன்ட நானா பீற்றரை இந்தக் கையாலதான் தூக்கி வந்த நான்" என்று கரையில் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். பள்ளியில் தொழுதுவிட்டு வருகிற சனமும் நின்று பார்த்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்போது வேறு போட்டில் போகிறேன். அங்கே எவனும் எண்ணுவதில்லை.

இந்தப் பருவம் இப்படியே போனால் அடுத்த வருஷம் எனக்கென்று ஒரு போட். எமரென்சியா என்று பேர் வைப்பேன். பதினொரு மணியை மறக்காதே.

உன் அண்ணன்
கில்பட்

*

மடம்
2.12.2023

அண்ணா,

சுகம் விசாரிக்க மனம் வரவில்லை. கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன்.

பீற்றர் அண்ணன் அந்தக் கயிற்றில் நின்றது செபத்துக்காக மட்டும் அல்ல. ஆழத்தில் இழுத்த காற்று இரத்தத்தில் கரைந்து நிற்கிறது. மெல்ல மெல்ல அது வடிய நேரம் வேண்டும், இல்லாவிட்டால் உடம்புக்குள் குமிழியாகிவிடும். தண்ணீருக்குள் கட்ட மணிக்கூடு இல்லாத காலத்தில் அவருக்குச் செபமாலைதான் மணிக்கூடு. இது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிவதற்கு முந்தியே உங்களுக்குத் தெரியும். நான் மலையில் நின்று ஆயிரம் செபமாலை சொன்னாலும் உங்கள் முள்ளந்தண்டில் ஒரு குமிழி கரையாது.

பீற்றர் அண்ணன் ஒரே ஒரு நாள்தான் நிற்காமல் வந்தார். புயல் கறுத்துக்கொண்டு வந்தது, போட்காரர் அவசரப்படுத்தினார்கள். அந்த ஒரு நாளுக்கு இரண்டு வருஷம் படுத்தார். அவருடைய முதுகுப் புண்ணை யார் கழுவியது? நீங்கள் கதவடியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதீர்கள். உள்ளே போனது நான். என் கைமுட்டி அந்தப் புண்ணுக்குள் போகும், அண்ணா. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அவரை அடக்கம் செய்த அடுத்த வருஷம்தான் நான் இங்கே வந்தேன்.

வேதத்தில் ஓர் அதிகாரம் உண்டு. ஞானம் ஒரு பெண்ணைப் போலத் தெருவில் நின்று கத்துகிறதாம். சந்தி முனையிலும் ஊர் வாசலிலும் நின்று, எத்தனை நாளைக்குத்தான் மூடராய் இருப்பீர்கள் என்று கேட்கிறதாம். ஹயாத்து நானா கரையில் நின்று கத்தியது எனக்கு அதுவாகத்தான் கேட்கிறது. நீங்கள் வெட்கப்பட்டீர்களாம்!

இன்று முதல் பதினொரு மணிச் செபமாலையை நிறுத்திவிட்டேன். இனி நீங்களே கயிற்றில் நின்று சொல்லவேண்டும். நின்றேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

எமி

*

மாம்புரி
24.12.2023

அன்புத் தங்கச்சிக்கு,

நத்தார் வாழ்த்துக்கள். மதருக்கும் மற்றச் சிஸ்டர்மாருக்கும் சொல்லு. இங்கே எல்லாரும் நல்ல சுகம். கோயிலில் இந்த முறை குடில் பெரிதாகக் கட்டினார்கள். மாட்டுக்குப் பதிலாக உன் மருமகன் ஓர் ஆமையைக் கொண்டுபோய் வைத்துவிட்டான், பங்குச் சுவாமி சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். ஸ்டெலா தொதல் கிண்டினாள். பொதியில் உனக்கும் வைத்திருக்கிறேன், தின்னத் தருவார்களோ தெரியாது.

நீ பெரிதாகப் பயந்துவிட்டாய். செபமாலையை நிறுத்தினது சரியில்லை, கூடப்பிறந்த அண்ணனோடு கோபித்துக்கொண்டு மாதாவையுமா பகைப்பது?

வலது தோளில் கொஞ்சம் குடைச்சல் இருக்கிறது, மார்கழிக் குளிருக்கு. தண்ணிக்குள் இறங்கினால் அது இல்லை. பத்துப் பாகம் போனவுடன் துடைத்து விட்ட மாதிரிப் போய்விடும். என்னோடு இறங்குகிற சியாமும் மற்றப் பெடியன்களும் அதைத்தான் சொல்கிறார்கள், கடல் தந்ததைக் கடலே எடுக்கும் என்று. ஆகையால் நீ பயப்பட ஒன்றும் இல்லை.

தை பிறந்தால் கடல் இன்னும் நல்லாக இருக்கும்.

உன் அண்ணன்
கில்பட்

*

மடம்
8.1.2024

அண்ணா,

தொதல் கிடைத்தது. எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டு கிடைத்தது. ஸ்டெலா மச்சாளுக்கு நன்றி.

நான் கேட்ட ஒரு வரி உங்கள் கடிதத்தில் இல்லை. தேடிப் பார்த்தேன். ஆமை இருக்கிறது, குடில் இருக்கிறது, அது இல்லை.

தண்ணிக்குள் போனால் குடைச்சல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணா, அது குளிர் அல்ல. அது தொடங்கிவிட்டது. ஆழத்தில் குமிழி சுருங்குகிறது, வலி மறைகிறது, மேலே வந்தால் திரும்பவும் விரிகிறது. பீற்றர் அண்ணனும் அந்தப் புயல் நாளில் முதலில் இதைத்தான் சொன்னார். இதே தோள். இதே சொல். அவரையும் சுகமாக்குகிறோம் என்று திரும்ப இறக்கினார்கள். இடுப்போடு நின்ற மரப்பு மார்புக்கு ஏறியது.

நாளைக்கே நிறுத்துங்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலை வேலைக்குப் போங்கள், தென்னந்தோட்டத்தில் கூலிக்குப் போங்கள், எதற்காவது போங்கள்.

அந்த அதிகாரத்தில் பிறகு என்ன வருகிறது என்று நான் எழுதவில்லை. கேளுங்கள். கூப்பிட்டேன், நீங்கள் வரவில்லை. கை நீட்டினேன், யாரும் பார்க்கவில்லை. ஆகையால் உங்களுக்கு ஆபத்து வரும் நாளில் நானும் சிரிப்பேன், அப்போது நீங்கள் என்னைக் கூப்பிடுவீர்கள், நான் பதில் சொல்லமாட்டேன் என்று ஞானம் சொல்கிறது. வாசிக்கப் பயமாக இருக்கிறது. உங்களுக்கும் பயமாக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பதில் போடுங்கள். திருநீற்றுப் புதனுக்கு முன்னால் வரவேண்டும்.

எமி

*

மடம்
10.2.2024

கில்பட் அண்ணாவுக்கு,

ஒரு மாதம் பார்த்தேன். பதில் இல்லை.

வருகிற புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. எங்கள் சபை ஒழுங்கின்படி உயிர்த்த ஞாயிறு வரைக்கும் நாங்கள் கடிதம் எழுதுவதுமில்லை, வாசிப்பதுமில்லை. வருகிறவற்றை மதர் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைப்பார். மற்ற வருஷங்களில் இது எனக்குப் பெரிய பாரமாக இருக்கும். இந்த வருஷம் ஆறுதலாக இருக்கிறது.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி உங்கள் பாடு.

சகோதரி மரிய கிளாரா

*

ஆஸ்பத்திரி, ஆறாம் வாட்டு
24.2.2024

எமி,

சுகமில்லை. முதல் தரமாக உனக்கு இப்படி எழுதுகிறேன்.

வியாழக்கிழமை நாலாவது சிலிண்டர். ஏறி வந்து வெற்றிலைக்குக் கை போட்டேன். வயிற்றைச் சுற்றி யாரோ கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருந்தது. எழும்பப் பார்த்தேன். கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. கிள்ளிப் பார்த்தேன், வேறு ஒருத்தனைக் கிள்ளின மாதிரி இருந்தது. மூத்திரமும் போகவில்லை, குழாய் போட்டிருக்கிறார்கள்.

போட்காரர் என்னைக் கரையில் கிடத்திவிட்டுப் போனார்கள். தூக்கி வந்தது ஹயாத்து நானா. ஒரு ஏச்சும் ஏசவில்லை. அதில்தான் எனக்குப் பயம் பிடித்தது.

இங்கே டாக்டர் சொல்கிறார், கிழக்குக் கரையில் காற்றை அமுக்கி அடைக்கிற ஓர் இரும்பு அறை இருக்கிறதாம். அதில் என்னைப் போட்டுப் பார்க்கவேண்டுமாம். நாளுக்கு நாள் பலன் குறையும், கெதியாகப் போ என்கிறார். நானாவின் வேன் வாசலில் நிற்கிறது. ஆனால் சியாமும் கூட்டாளிகளும் வந்து, "அண்ணன், அந்தப் பெட்டிக்குள்ள போட்டா செத்துப் போவீங்க, ஒருக்காத் திரும்ப இறக்கினா கால் வரும், போன வருஷம் எங்கட மாமாவுக்கு வந்தது" என்று சொல்கிறார்கள். லைசன் இல்லாமல் இறங்கியதற்குப் பிடிப்பார்கள் என்றும் சொல்கிறார்கள். ஸ்டெலாவின் தாய் எண்ணெய் போடுகிற பரியாரியிடம் கொண்டு போகச் சொல்கிறா. பதினெட்டுப் பாகத்துக்குப் பயப்படாதவன் நான். அந்தப் பெட்டிக்குப் பயமாக இருக்கிறது, எமி. மூடின பிறகு உள்ளே இருந்து திறக்க ஏலாதாமே?

இந்த முறை நான் என் புத்திக்கு நடக்கப் போவதில்லை. பீற்றர் அண்ணனைப் பார்த்தவள் நீ. போ என்று நீ ஒரு வரி எழுது. போகிறேன். சத்தியம். தவக்காலம் என்று தெரியும், ஆனாலும் இதைத் திறப்பாய் என்று தெரியும். நானா ஸ்பீட் போஸ்டில் போடுகிறார், திங்கட்கிழமை உன் கையில் இருக்கும். ஸ்டெலா மடத்துக்கு போன் எடுக்கப் பார்த்தாள், நான் விடவில்லை. மதருக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நீ அழுவதை நினைக்க எனக்கு ஏலாது.

வெள்ளி வரைக்கும் பார்ப்பேன்.

கில்பட்

*

மாம்புரி
4.3.2024

எமிக்கு,

வெள்ளியும் போய் இன்று திங்கள். நானா தினமும் தபால் கந்தோருக்குப் போய் வந்தார்.

உன் தைமாதக் கடிதத்தை ஸ்டெலாவைக் கொண்டு எடுப்பித்து வாசித்தேன். அப்போது நான் முழுக்க வாசிக்கவில்லை. கூப்பிடுவீர்கள், நான் பதில் சொல்லமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். சரிதான். நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாய். உன்னில் எனக்குக் கோபம் இல்லை.

ஆஸ்பத்திரியில் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். நாளைக் காலை சியாமாட்கள் என்னைத் திரும்ப இறக்குகிறார்கள். சிவப்புச் சீலை கட்டின இடத்தில் கயிற்றோடு கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஐம்பத்துமூன்றும் நானே சொல்லுவேன்.

கில்பட்

*

மடம்
31.3.2024, உயிர்த்த ஞாயிறு

அண்ணா, அண்ணா,

போங்கள். இன்றைக்கே போங்கள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷமே வேனில் ஏறுங்கள். நீங்கள் கேட்ட வரி இதுதான். போங்கள்.

காலைப் பூசை முடிந்து மதர் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு கடிதம், இரண்டும் எனக்கு வந்தவை. வாசித்து முடிக்கவில்லை, மதர் உங்கள் நம்பருக்கு எடுக்கிறார், எடுக்கிறார், போன் வேலை செய்யவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து பிசகினால் மன்னியுங்கள்.

தவக்கால ஒழுங்கு என்னைத் தடுக்கவில்லை. சொல்லாமல் விட்டால் அது பொய்யாகப் போய்விடும், அதனால் சொல்கிறேன். மாசி இருபத்தாறாம் திகதி மதர் என்னைக் கூப்பிட்டார். "ஸ்பீட் போஸ்ட் வந்திருக்கு மகள். அவசரம்போல. வேணுமெண்டால் திறக்கலாம், நான் அனுமதி தாறன்" என்று கையிலேயே தந்தார். உறையில் உங்கள் கையெழுத்து. என் ஒரு மாதத்துப் பதிலில்லாக் கோபம் அப்படியே நின்றது. "அவசரமில்லை மதர், அண்ணனுக்கு ஏதாவது செபம் வேணுமாயிருக்கும்" என்று திருப்பிக் கொடுத்தேன். கொடுத்தபோது எனக்குள் இனித்தது. பெரிய தியாகம் செய்துவிட்டேன் என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். இரண்டாவது வந்தபோது மதர் கேட்கவும் இல்லை.

அந்தச் சொல் ஞானம் சொன்ன சொல். அதை என் வாயில் வைத்துக்கொள்ள யார் எனக்குச் சொன்னது? வேதத்தை எடுத்து உங்களுக்கு எறிந்தேன். நீங்கள் மூடர், நான் ஞானம் என்று நினைத்தேன். அந்த அதிகாரத்தின் கடைசி வரி, செவி கொடுக்கிறவன் பயமில்லாமல் இருப்பான் என்பது. நீங்கள் செவி கொடுத்தீர்கள், அண்ணா. பிந்தியாவது கொடுத்தீர்கள். நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு வரி போடுங்கள். இறக்கினார்களா? கால் எப்படி? ஏசியாவது எழுதுங்கள்.

எமி

*

மாம்புரி
8.4.2024

அன்புள்ள மச்சாளுக்கு ஸ்டெலா எழுதிக்கொள்வது.

நீங்கள் சுகமாக இருக்கக் கர்த்தரை மன்றாடுகிறேன். என் போன் ஒரு மாதமாகப் பழுது. திருத்தக் கொடுக்க ஓடித்திரிய நேரம் கிடைக்கவில்லை.

அவர் இருக்கிறார். பங்குனி ஐந்தாம் திகதி இறக்கினார்கள். இழுத்து ஏற்றும்போது மயக்கம். இப்போது வலது கையும் வராது, மார்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அதனால்தான் நான் எழுதுகிறேன். ஹயாத்து நானா பிறகு யாரையும் கேட்காமல் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த அறையில் ஆறு நாள் வைத்துப் பார்த்தார்கள். அங்கே ஒருவரும் அவரைப் பிடிக்கவுமில்லை, லைசன் கேட்கவுமில்லை. முதல் கிழமையே வந்திருந்தால் எப்படி என்று டாக்டரைக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "அதை இப்ப கேட்டு என்ன செய்யப் போறீங்க அம்மா" என்றார். வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டோம்.

உங்களுக்கு அறிவிக்கவேண்டாம், தவக்காலம் முடியட்டும் என்று அவர்தான் தடுத்தார்.

உங்கள் கடிதத்தை நேற்று வாசித்துக் காட்டினேன். போங்கள், போங்கள் என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில் அவர் சிரித்தார். விழுந்த பிறகு இப்போதுதான் சிரிக்கிறார். நான் பயந்துவிட்டேன். பிறகு, "எமிக்குப் பிழை இல்ல எண்டு எழுது. மூண்டு மாசம் அவள் கூப்பிட்டவள். நான் ஒருக்காத்தானே கூப்பிட்டனான்" என்றார். அதற்குப் பிறகு சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

நான் அவரைப்போல நல்ல மனசுக்காரி இல்லை மச்சாள். உங்களில் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை இன்னொரு நாளைக்கு எழுதுகிறேன். இப்போது எனக்கு வேறு அலுவல். அவருடைய முதுகின் கீழே, இடுப்பு எலும்படியில், ஒரு சிவப்பு வந்து கறுத்துத் தோல் உரிந்துவிட்டது. அம்மா தேங்காயெண்ணெய் போடுகிறா. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் திருப்பச் சொல்லி நர்ஸ் சொன்னா. வீட்டு மணிக்கூடு நின்று கிடக்கிறது, அதனால் செபமாலை சொல்லிச் சொல்லிக் கணக்குப் பார்க்கிறேன். சொல்லிக்கொண்டே நித்திரையாகிப் போகிறேன். முழித்துப் பார்த்தால் வெயில் சுவரில் வேறெங்கோ நிற்கிறது.

"எமியிட்டக் கேள், அண்ணன்ட முதுகை அவள்தான் பார்த்தவள்" என்கிறார். பீற்றர் அத்தானுக்கு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். நீங்கள் சொல்கிறபடி கேட்பேன்.

ஸ்டெலா

*

மடம்
12.4.2024

அன்புள்ள ஸ்டெலா மச்சாளுக்கு,

சுகம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. கோபத்தை எழுதுங்கள், எப்போது எழுதினாலும் அன்றைக்கே திறப்பேன்.

எண்ணெயை இன்றே நிறுத்துங்கள். சாம்பல், மஞ்சள், இலைச்சாறு ஒன்றும் வேண்டாம். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஒரு போத்தல் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு அதால் கழுவுங்கள். தேய்க்கவேண்டாம், ஊற்றுங்கள். பழைய வெள்ளைச் சாரத்துணியை அவித்து, வெயிலில் காயவைத்து, அதில் துண்டு வெட்டி ஒற்றுங்கள். உங்கள் நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

இடப்பக்கம், வலப்பக்கம் என்று மாற்றி மாற்றித் திருப்புங்கள். புண் இருக்கிற இடத்தின்மேல் படுக்கவிடவேண்டாம். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை. குதிக்கால் இரண்டும் மெத்தையில் படக்கூடாது, கணுக்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வையுங்கள். பெட்சீற்றில் மடிப்பு இருக்கக்கூடாது. நம் ஊர் மணல் எங்கும் வரும், ஒரு மணல் போதும், ஒவ்வொரு முறையும் கையால் தடவிப் பாருங்கள். முட்டையும் மீனும் கொடுங்கள். வேண்டாம் என்பார். கொடுங்கள்.

புண்ணில் நாற்றம் வந்தாலோ, நடுங்கிக் காய்ச்சல் வந்தாலோ, உடனே ஆஸ்பத்திரி. நானாவைக் கூப்பிடுங்கள், வேனில் ஏற்றுங்கள். என்னைக் கேட்டு எழுதவேண்டாம். யாரையும் கேட்கவேண்டாம். பீற்றர் அண்ணனுக்கு அந்தக் காய்ச்சல் வந்தபோது நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் முதலில் ஒன்பது நாள் நவநாள் செபம் சொன்னேன். இதை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை, கில்பட் அண்ணாவுக்கும் தெரியாது.

இந்தப் பொதியில் எங்கள் அடுக்களை மணிக்கூடு இருக்கிறது. மதரிடம் கேட்டு வாங்கினேன். சத்தமாக அடிக்கும், பின்னால் உள்ள சாவியை முறுக்கவேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் வையுங்கள். பதினொரு மணிச் செபமாலையை இன்று திரும்பவும் தொடங்கிவிட்டேன், அது என் பாடு. நீங்கள் சொல்லவேண்டாம். நீங்கள் மணிக்கூட்டைப் பாருங்கள்.

எமி